தவணைப் பூட்டும் புளி மண்டியும்

(பழைய மாணவர் ஒருவர் எழுதியது)

விற்பவன், வாங்குபவன் என்னும் இருவர் உலகில் தோன்றிய நாள்தொட்டே ‘மாதிரி’ என்னும் ஒன்றும் உடன் தோன்றியிருத்தல் வேண்டும். காரிமங்கலத்துச் செவ்வாய்ச் சந்தையில் புளி விற்பவள், விலை கேட்பவர் கையில் ஒரு கிள்ளுப் புளியை வைத்து, “வாயில் போட்டுப் பாருங்கள்” என்பாள். மாம்பழக் காலத்தில் சாலையோரத்துக் கடைக்காரர் கனியில் ஒரு கீற்றை அரிந்து நீட்டுவார். தின்றது திரும்பி வாராது. ஆயினும் அதனால் நேரும் நட்டம் மிகச் சிறிது. ஆதலின் மாதிரியைக் குறித்து அவர்களுக்குக் கவலை இல்லை. யான் மேற்கொண்ட தொழிலிலோ மாதிரியின் இயல்பு முற்றும் வேறு. அங்கே ஒரு கீற்றை மட்டும் அரிந்து கொடுத்தல் எளிதன்று, மரத்தையே வேரோடு கொண்டுபோய் வாங்குவோர் வீட்டு முற்றத்தில் நட்டு, “முப்பது நாள் உண்டு பாருங்கள், பிடித்திருந்தால் விலை கொடுங்கள், இல்லையேல் மரம் தானே பட்டுப்போகும்” என்று சொல்லி வரவேண்டும்.

அம்மரம் பட்டுப்போகாதிருக்கப் பிறர் செய்த தந்திரங்களும், அவற்றைத் தடுக்க யான் செய்த எதிர்த்தந்திரங்களும், முடிவில் எனக்கு நேர்ந்த தலைகுனிவும் இக்கட்டுரையின் பொருளாம். நம் கலாசாலைச் சஞ்சிகையின் தமிழ்ப் பகுதிக்கு ஏதேனும் எழுதித் தருமாறு கேட்கப்பட்டபோது, இலக்கிய ஆராய்ச்சிக்குரிய புலமை என்னிடம் இன்மையால், வயிற்றுப் பிழைப்பிற் கற்ற பாடம் ஒன்றையே எழுதத் துணிந்தேன். இத்தொழிலில் இறங்கக் கருதும் மாணவர் சிலருக்கேனும் இது பயன்படலாம்.

கணிப்பொறிக்கு ஏவலிடும் நிரல்களின் தொகுதியை மென்பொருள் என்கிறோம். அதனை எழுதுதற்கு மாதக்கணக்கில் உழைப்பு வேண்டும். ஆனால் எழுதி முடித்தபின் அதனைப் படியெடுக்க ஒரு நிமிஷமும் வேண்டுவதில்லை. இக்காரணத்தால் எழுதியவனுக்குக் கூலி எவ்வாறு கிடைக்கும் என்னும் வினா தொடக்கத்திலேயே எழுந்தது. 1976-ஆம் ஆண்டிலேயே பில் கேட்ஸ் என்பார், தம் நிரலை விலை கொடாமற் படியெடுத்துக் கொள்வோரைக் கடிந்து பகிரங்கக் கடிதம் ஒன்று எழுதினார். இதற்கு மாறாக, 1982-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஆண்ட்ரூ புளூகல்மன், ஜிம் நாப் என்னும் இருவர், தத்தம் மென்பொருளை யாரும் படியெடுத்துப் பயன்படுத்தலாமென்றும், பயன் கண்டோர் மனமுவந்து பணம் அனுப்பலாமென்றும் அறிவித்தனர். அடுத்த ஆண்டில் பாப் வாலஸ் என்பார் அம்முறைக்கு ‘ஷேர்வேர்’ என்று பெயரிட்டு வழங்கினார். நம்பிக்கையின்மேல் எழுந்த இவ்வழியிலேயே பின்னர்த் தவணையும் வந்து சேர்ந்தது. 15 நாள், 30 நாள் என்று எல்லை வகுத்து, எல்லை கடந்தால் இயங்காவாறு பூட்டுதலே ‘டிரையல்’ என வழங்கும் சோதனைப் பிரதியின் இலக்கணம்.

நிற்க. பூட்டுச் செய்தவனாக வாசகர்முன் வருமுன், பூட்டை உடைத்தவனாகவும் யான் நின்றாக வேண்டும். 1999-ஆம் ஆண்டில் விடுதியில் எங்கள் அறை மாணவர் ஐவரும் பணம் சேர்த்து வாங்கிய பழைய கணிப்பொறி ஒன்று இருந்தது. அதிற் படம் வரைதற்குரிய சோதனைப் பிரதி ஒன்றை யான் ஏற்றி வைத்திருந்தேன். முப்பது நாளும் கழிந்தபின் அது வாய் மூடிக்கொண்டது. மூத்த மாணவர் ஒருவர் கற்பித்தபடி கணிப்பொறியின் தேதியை ஒரு மாதம் பின்னுக்குத் தள்ளினேன். அது மீண்டும் வாய் திறந்தது. காலத்தையே வென்றுவிட்டதாகக் கருதி மகிழ்ந்தேன்.

அறைத் தோழர் ஒருவர் அக்காலத்திற் பரீட்சைக்குரிய திட்டக் கட்டுரையை அதே கணிப்பொறியில் இரவுதோறும் தட்டச்சுச் செய்துகொண்டிருந்தார். பழைய கோப்பின்மேற் புதிய கோப்பை மட்டும் எழுதுமாறு தேதியை நோக்கிப் படியெடுக்கும் ஏவல் ஒன்றை அவர் பயன்படுத்துவது வழக்கம். யான் தேதியைப் பின்தள்ளியமையால், அவர் அன்று எழுதிய பக்கங்கள் சென்ற மாதத்தன எனவும், பிளாப்பித் தட்டில் இருந்த பழைய பக்கங்களே புதியன எனவும் கணிப்பொறி கொண்டது. பழையது புதியதன்மேல் எழுதப்பட்டு, மூன்று இரவுகளின் உழைப்பு ஒரு நொடியில் அழிந்தது. காரணம் அறியாது அவர் தம்மையே நொந்துகொண்டார். காரணம் அறிந்த யானோ வாய் திறக்கவில்லை. அவர் இன்று இதனைப் படிப்பாராயின் என்னை மன்னிப்பாராக.

கலாசாலையை விட்டபின் சில ஆண்டுகள் வெளியூரில் வேலை பார்த்து, பிறகு சொந்த ஊராகிய தர்மபுரிக்கே திரும்பினேன். எங்கள் ஜில்லாவில் புளி வியாபாரம் பெரிது. மாசி, பங்குனியில் மரங்கள் உலுக்கப்பட்டு மூட்டை மூட்டையாய் மண்டிகளுக்கு வந்து சேரும். அங்கே பெண்கள் வரிசையாய் அமர்ந்து ஓடு தட்டி, நாரும் கொட்டையும் நீக்குவர். கிலோ அளவிற்குக் கூலி. விவசாயிக்குக் கொடுத்த முன்பணம், வந்த எடை, கழிவு, பெண்களின் கூலி, வெளியூருக்கு அனுப்பிய சரக்கு எனக் கணக்குகள் பலவாகப் பின்னிக்கிடக்கும். இவற்றையெல்லாம் தமிழிலேயே பதிந்து, தமிழிலேயே சீட்டு அச்சிடும் மென்பொருள் ஒன்றை 2012-ஆம் ஆண்டில் எழுதி முடித்தேன். விலை ரூ. 4,000. வாங்குமுன் 30 நாள் இலவசமாய்ப் பயன்படுத்திப் பார்க்கலாம்.

முதற்பூட்டு மிக எளியது. மென்பொருளை ஏற்றிய தேதியை விண்டோஸின் ரெஜிஸ்ட்ரி என்னும் பதிவேட்டில் எழுதிவைத்து, ஒவ்வொரு நாளும் அன்றைய தேதியோடு ஒப்பிட்டேன். யான் விடுதியிற் செய்ததையே ஒரு மண்டியிலும் செய்தார்கள்: தேதியைப் பின்தள்ளினார்கள். பேருந்து நிலையத்தருகே கணிப்பொறி பழுது பார்க்கும் இளைஞர் ஒருவர் ஐம்பது ரூபாய்க்கு இவ்வுதவியைச் செய்து வருவதாகக் கேள்வியுற்றேன். சினம் உண்டாயிற்று, என் பழைய செயல் நினைவுக்கு வரவில்லை.

இரண்டாம் பூட்டில், மென்பொருள் கடைசியாக இயங்கிய நேரத்தையும் குறித்துவைத்தேன். இன்றைய தேதி அதற்கு முற்பட்டதாயின், கடிகாரம் பின்தள்ளப்பட்டது என்பது வெளிப்படை. அவ்விளைஞர் மென்பொருளை நீக்கி மீண்டும் ஏற்றினார். தவணை புதிதாய்த் தொடங்கிற்று. மூன்றாவதாக, நீக்கினாலும் நீங்காத குறி ஒன்றை வேறோரிடத்தில் ஒளித்தேன். ஏற்றுமுன் ஒருமுறையும் ஏற்றியபின் ஒருமுறையும் பதிவேட்டைப் படியெடுத்து இரண்டையும் ஒப்பிட்டு அவர் அக்குறியைக் கண்டுபிடித்தார். நான்காவதாக, அக்குறியை மறைமொழியில் எழுதினேன். அதன் பொருளை அறியவேண்டிய தேவையே அவருக்கு இல்லை. முதல்நாட் குறியை எடுத்துவைத்து, முப்பதாம் நாளில் அதனையே மீண்டும் பதித்தார்.

ஐந்தாவதாக யான் அறிந்த செய்தி என்னை அயரச் செய்தது. எத்தனை மறைகுறிகள் இருப்பினும், முடிவில் மென்பொருளுக்குள் ஓரிடத்தில், “தவணை முடிந்ததா? ஆம் எனில் நில், இல்லையெனில் செல்” என்னும் கிளைவழி ஒன்று இருந்தே தீரவேண்டும். கணிப்பொறியின் மொழியில் அது சில எண்களே. இன்டெல் வகைக் கணிப்பொறிகளில் ‘சமமாயின் தாவு’ என்பதற்குரிய எண் பதினாறன்மான முறையில் 74. ‘சமமன்றாயின் தாவு’ என்பதற்குரியது 75. அந்த ஓரெண்ணை மாற்றிவிட்டால், பல இரவுகள் கண்விழித்துக் கட்டிய கோட்டையின் கதவு தலைகீழாய்த் திறந்துகொள்ளும். ‘கிராக்’ என்று பேசப்படுவது பெரும்பாலும் இத்தகைய சிறு மாற்றமே. பிறர் வீட்டில், பிறர் கையிலுள்ள பொறியில் ஓடவேண்டிய நிரல், அப்பொறிக்கு உடையவனிடமிருந்து எதனையும் முற்றும் மறைத்தல் இயலாது. தாமதப்படுத்தலாம், தடுத்தல் அரிது. இணையத்தின் வழியே தூரத்து யந்திரத்தைக் கேட்டுத் திறக்கும் முறை இதனினும் வலியதே. ஆயினும் அக்காலத்து மண்டிகள் பலவற்றில் இணையத் தொடர்பு இல்லை.

சட்டம் துணை வாராதோ எனின், சட்டம் உண்டு. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில், 1984-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் கணிப்பொறி நிரல்களும் இலக்கியப் படைப்புகளோடு ஒருங்கு வைக்கப்பட்டன. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே பயன்படுத்துவோர்க்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், ரூ. 50,000 முதல் ரூ. 2 லட்சம் வரை அபராதமும் 1994-ஆம் ஆண்டுத் திருத்தம் விதித்தது. உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்போர்க்கு 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும் 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் விதித்தது. ஆயினும் ரூ. 4,000 பெறும் ஒரு பொருளுக்காக எவன் வழக்காடுவான்? வக்கீலின் முதற்கட்டணத்திற்கே அத்தொகை போதாதன்றோ?

சட்டமும் எட்டாமல், பூட்டும் நில்லாமற் போகவே, என் சினம் வேறு வழியிற் புறப்பட்டது. புதிய பதிப்பில் ஒரு தண்டனையைச் சேர்த்தேன். கடிகாரம் பின்சென்றது என்று மென்பொருள் காணுமாயின், அது தவணைக் காலத்திற்குள்ளேயே ஆயினும், கணக்குகள் முழுவதையும் பூட்டிவிடும். பின்னர்த் தேதியைத் திருத்தினாலும் திறவாது. யான் நேரிற் சென்று திறந்தாலன்றி ஒரு வரியும் படித்தல் இயலாது. திரையிற் பெரிய சிவப்பு எழுத்துக்களில், “கடிகாரத்தைத் திருத்தி ஏமாற்ற முயன்றுள்ளீர். இக்கணக்கு பூட்டப்பட்டது” என்று தோன்றும். ஆங்கிலம் அறியாதார்க்கும் உறைக்கவேண்டும் என்று அதனைத் தமிழிலேயே எழுதினேன். அவ்வாக்கியத்தை எழுதிய இரவில் யான் நன்றாய் உறங்கினேன்.

2013-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ஒரு சனிக்கிழமை. பிற்பகல் நான்கு மணியளவில் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்து மண்டிக்காரர் ஒருவரிடமிருந்து தொலைபேசி வந்தது. அறுபது வயது கடந்த பெரியவர், அதிர்ந்து பேசாதவர். அவருடைய தவணையில் இன்னும் மூன்று நாட்கள் எஞ்சியிருந்தன.

“தம்பி, உன் பெட்டி என்னைத் திருடன் என்கிறதே! கணக்கெழுதும் பெண் உரக்கப் படித்துவிட்டாள். வேலைக்கு வந்த பெண்டுகள் எல்லாரும் கேட்டுவிட்டார்கள். யான் அதில் ஒன்றையும் தொடவில்லையப்பா. இன்று கூலி நாள். கொஞ்சம் வந்து பார்க்கிறாயா?”

“இதோ வருகிறேன், ஐயா” என்று சொல்லிப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் ஐயமே என்னுடன் வந்தது. ‘தொடவில்லை என்றுதான் எல்லாரும் சொல்வர்’ என்று என் உள்ளம் கூறிற்று. இருட்டியபின் மண்டியை அடைந்து, கணிப்பொறியைத் திறந்து பார்த்த கணத்தில் அவ்வையம் அகன்றது. அதன் இடத்தில் வெட்கம் வந்து அமர்ந்தது.

கணிப்பொறியின் கடிகாரம், மின்சாரம் இல்லாத வேளையில் மதர்போர்டில் பதித்த காசளவான சிறு பேட்டரி ஒன்றினால் ஓடுகிறது. சுவரின் மின்சாரம் பொறிக்கு வந்துகொண்டிருக்கும்வரை அப்பேட்டரிக்கு வேலை சிறிது. மின்சாரம் நின்ற நேரமெல்லாம் கடிகாரத்தின் பாரம் அதன்மேலேயே விழும். அக்காலத்தில் தமிழ்நாட்டின் சிற்றூர்களில் நாளொன்றுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு இருந்தமை யாவரும் அறிந்ததே. அவ்வூரிலும் அவ்வாறே. பெரியவர் வாங்கியதோ பழைய பொறி. பேட்டரி வற்றிப்போக, மின்வெட்டு முடிந்து பொறி எழுந்தபோது, அதன் கடிகாரம் தன் பிறப்புத் தேதி போன்ற ஒன்றாகிய 2005 ஜனவரி 1-க்குச் சென்று நின்றது. ஏமாற்ற முயன்றார் ஒருவரும் இல்லை. முப்பது ரூபாய்ப் பேட்டரி ஒன்று செத்துப்போயிற்று, அவ்வளவே. என் நிரல் அச்சாவைக் களவென்று தீர்ப்புச் செய்துவிட்டது.

அதற்குள் மண்டியில் நிகழ்ந்ததைக் கணக்கெழுதும் பெண் எனக்குச் சொன்னாள். அவ்வாரம் தட்டிய புளியின் எடை முழுவதும் கணிப்பொறியில் மட்டுமே பதியப்பட்டிருந்தது. என் மென்பொருள் வந்தபின் பழைய சிட்டை நோட்டுக்கு வேலை இல்லை என்று அதனை நிறுத்தியிருந்தார்கள். நிறுத்துமாறு சொன்னவனும் யானே. கூலி பெறக் காத்திருந்த பெண்கள் 32 பேர். மறுநாள் ஞாயிறு, வீட்டிற்கு அரிசி பருப்பு வாங்கவேண்டிய நாள். ஐந்தரை மணிவரை பொறுத்திருந்த பெரியவர், அவர்களை வரிசையாய் அழைத்து, “உனக்கு எத்தனை கிலோ, அம்மா?” என்று ஒவ்வொருவரையும் கேட்டு, அவர்கள் சொன்ன அளவுக்கே காசை எண்ணிக் கொடுத்து அனுப்பிவிட்டாராம்.

யான் பூட்டைத் திறந்து கணக்கை ஒப்பிட்டேன். 29 பேர் சொன்னது சரியாய் இருந்தது. இருவர் சேர்ந்து 7 கிலோ கூட்டிச் சொல்லியிருந்தனர். ஒருத்தி 3 கிலோ குறைத்துச் சொல்லியிருந்தாள். அவ்விருவர் இன்னார் என்று யான் சுட்டிக்காட்டத் தொடங்கியபோது பெரியவர் கையமர்த்தினார்.

“அது யாரென்று எனக்குச் சொல்ல வேண்டா, தம்பி. குறைத்துச் சொன்னவள் பெயரை மட்டும் சொல்லு. திங்கட்கிழமை அவளுக்குச் சேர்த்துக் கொடுக்கவேண்டும். இருவர் கூட்டிச் சொல்வார்கள் என்பதற்காக முப்பது பேரைப் பட்டினியோடு வீட்டுக்கு அனுப்ப முடியுமா? இனிமேல் நிறுக்கும்போதே அவரவர் எதிரில் சீட்டு எழுதிக் கையிற் கொடுத்துவிடுவோம். அப்போது கேள்விக்கே இடமில்லை.”

அவர் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. என் மென்பொருளைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை. மேசையைத் திறந்து, முன்னரே ஒரு காகிதத்தில் மடித்து என் பெயர் எழுதி வைத்திருந்த ரூ. 4,000-ஐ எடுத்து நீட்டினார். தவணை முடியும் நாளில் கொடுப்பதற்காக எடுத்துவைத்த பணம் அது. அதனை வாங்க என் கை எழவில்லை. “இதைச் சரிசெய்து கொண்டுவந்தபின் பெற்றுக்கொள்கிறேன், ஐயா” என்று கூறிக் கடைசிப் பஸ்ஸைப் பிடித்தேன்.

அன்றிரவு விடுதித் தோழர் என் நினைவுக்கு வந்தார். யான் பூட்டை உடைத்தபோதும் நட்டம் அடைந்தவர் அதில் ஒரு தொடர்பும் இல்லாத மூன்றாமவர். யான் பூட்டைப் பூட்டியபோதும் நட்டம் அடைந்தவர்கள் அதில் ஒரு தொடர்பும் இல்லாதவர்கள். இரு முறையும் என் ஆத்திரத்திற்கு அவர்கள் விலை கொடுத்தார்கள்.

இப்பிழை எனக்கு மட்டும் உரியதன்று என்பதைப் பின்னர்ப் படித்தறிந்தேன். 1986-ஆம் ஆண்டில், லாகூர் நகரத்தில் கணிப்பொறிக் கடை வைத்திருந்த பாசித் பாரூக் ஆல்வி, அம்ஜத் பாரூக் ஆல்வி என்னும் சகோதரர் இருவர் ‘பிரெயின்’ என்னும் நிரலை எழுதினர். தாம் எழுதிய மருத்துவ மென்பொருளைத் திருட்டுப் பிரதி எடுப்போரைக் கண்டறியவே அதனைச் செய்ததாகப் பின்னர் அவர்கள் கூறினர். அந்நிரலில் தங்கள் பெயரையும் விலாசத்தையும் தொலைபேசி எண்ணையும் கூட எழுதிவைத்தனர். அதுவோ பிளாப்பித் தட்டிலிருந்து தட்டிற்குத் தாவி, அவர்களுடைய மென்பொருளைக் கண்டும் கேட்டும் இராத தூர தேசங்களிலும் பரவியது. ஐ.பி.எம். வகைக் கணிப்பொறிகளைத் தாக்கிய முதல் வைரஸ் என்று இன்று சரித்திரத்தில் அது குறிக்கப்படுகிறது. தோட்டத்துக் காவலுக்கு விட்ட நாய், ஊரார் அனைவரையும் கடித்த கதை அது.

அவ்வாறாயின் காவலே வேண்டாவோ எனின், அதுவும் தகாது. பெரியவரே அடுத்த வாரமுதல் சீட்டு எழுதத் தொடங்கினாரல்லரோ? நம்பிக்கை என்பது அளவையை எறிந்துவிடுதல் அன்று. அளவையை இருவர்க்கும் தெரியும்படி வைத்தலே ஆகும். எனவே காவலை எங்கே வைப்பது என்பதே வினா. இதற்கு விடை காண யான் பிறர் செய்தவற்றை நோக்கினேன்.

வணிகவியல் மாணவர்கள் நன்கறிந்த ‘டேலி’ என்னும் கணக்கு மென்பொருள் பெங்களூரில் தோன்றியது. அதில் உரிமம் வாங்காதவர்க்கென ‘எஜுகேஷனல்’ முறை ஒன்று உண்டு. அதனைக் கொண்டு பதிவு, பேரேடு, ஐந்தொகை அனைத்தையும் கற்கலாம். ஆனால் மாதத்தின் 1, 2, 31 ஆகிய தேதிகளில் மட்டுமே பதிவு செய்தல் இயலும். கற்கும் மாணவனுக்கு அது ஒரு குறையன்று. கடை நடத்துபவனுக்கோ மாதத்தில் மூன்று நாளை மட்டும் கொண்டு ஒன்றும் ஆகாது. அங்கே கடிகாரத்தைத் திருகுவதாற் பயன் இல்லை. ஒருவரைத் திருடன் என்று சொல்லவும் தேவை இல்லை. ‘வின்ரார்’ என்னும் கோப்புச் சுருக்கும் மென்பொருளோ வேறு வகை. நாற்பது நாள் தவணை முடிந்தபின்னும் அது இயங்கிக்கொண்டே இருக்கும்; விலை கொடுக்குமாறு ஒவ்வொரு முறையும் நினைவூட்டும்; அவ்வளவே. ஒன்று, பொருளின் இயல்பிலேயே எல்லையை வைத்தது. மற்றொன்று, பயன்படுத்துவோர் மனச்சான்றினிடத்தில் வைத்தது.

இரண்டையும் எண்ணிப் பார்த்து, என் மென்பொருளை ஒரு மாத காலத்தில் மாற்றி எழுதினேன். அதன் முறைகளை மாணவர் பொருட்டுச் சுருக்கிக் கூறுவேன்.

முதலாவது, கடிகாரத்தை நம்புதலை விட்டேன். நாள்காட்டியில் முப்பது நாள் என்பதற்கு மாறாக, கணக்கேட்டில் முப்பது நாட்களின் வரவுசெலவு பதியப்படும்வரை இலவசம் என்று வகுத்தேன். எண்ணிக்கை வாங்குவோருடைய கணக்கேட்டிலேயே இருக்கிறது. அதனை அழிப்பவர் தம் கணக்கையே அழித்தவராவர். மென்பொருளை நீக்கி மீண்டும் ஏற்றினாலும், பழைய கணக்கைத் திறந்தவுடன் எண்ணிக்கையும் உடன் வரும்.

இரண்டாவது, ஆண்டு முடிவுக் கணக்கை ஆக்கும் பகுதியைச் சோதனைப் பிரதியில் வைக்கவேயில்லை. உள்ளே வைத்துப் பூட்டியதை உடைக்கலாம். இல்லாததை உடைத்துப் பெற முடியாது.

மூன்றாவது, வாங்கியவரின் கடைப் பெயரை எண்முறைக் கையொப்பத்தோடு உரிமத்தில் எழுதினேன். 1977-ஆம் ஆண்டில் ரிவெஸ்ட், ஷமீர், அடில்மன் என்னும் மூவர் கண்ட கணித முறை அது. அதன்படி, சரிபார்க்கும் திறவுகோல் யார் கையிலும் இருக்கலாம். ஒப்பமிடும் திறவுகோல் ஒருவன் கையில் மட்டுமே இருக்கும். விவசாயிக்குக் கொடுக்கும் ஒவ்வொரு சீட்டின் தலையிலும் அக்கடைப் பெயரே அச்சாகும். உரிமத்தை வேறொரு மண்டிக்கு இரவல் கொடுத்தால், அம்மண்டியின் சீட்டில் இம்மண்டியின் பெயர் வரும். தன் ஊரில் மற்றொருவன் பெயர் அச்சிட்ட சீட்டைக் கொடுக்க எந்த வியாபாரி இசைவான்?

நான்காவது, எல்லாவற்றினும் முதன்மையானது. எந்நிலையிலும், தவணை முடிந்தபின்னும், எழுதிய கணக்கைப் படிக்கவும் அச்சிடவும் தடையில்லை. புதிதாய் எழுதுதல் மட்டுமே நிற்கும். கணக்கு அவர்களுடையது, நிரல் மட்டுமே என்னுடையது. என் பொருளைக் காக்க அவர் பொருளைச் சிறைப்பிடித்தல் அறமாகாது. ஐயம் எழுமிடத்தில் நட்டம் என்னைச் சேரட்டும் என்பதையே நிரலின் முதல் விதியாகக் கொண்டேன்.

இப்பூட்டும் உடையாததன்று. வல்லவன் ஒருவன் சில நாள் உட்கார்ந்தால் இதனையும் உடைப்பான். பழைய பதிப்பின் திருட்டுப் பிரதியை விலை கொடாமல் நெடுங்காலம் ஓட்டியவர்களும் உண்டு. அவர்களால் வந்த நட்டத்தை யான் மறைக்கவில்லை. அது என் கூலியிலிருந்து போனதே. விலை கொடாமற் பயன்படுத்துதல் களவு என்பதிலும் எனக்கு ஐயமில்லை. அக்களவைச் செய்தவன் என்னும் முறையிலேயே சொல்கிறேன். ஆயினும் வேலியை மாற்றியபின் குற்றமற்ற ஒருவரையேனும் என் நிரல் குற்றஞ்சாட்டியதாக ஓர் அழைப்பும் வரவில்லை. பூட்டுவதற்குச் செலவிட்ட இரவுகளைச் சீட்டின் எழுத்தைத் திருத்துவதற்கும், கணக்கெழுதும் பெண்கள் கேட்ட சிறு வசதிகளைச் செய்வதற்கும் செலவிட்டேன். வாங்கியவர் பிறருக்குச் சொல்ல, அவர் வழியே சிலர் வந்தனர்.

மாணவ நண்பர்காள்! நாளை உங்களுள்ளும் சிலர் பூட்டுச் செய்யும் தொழிலில் அமர்வீர்கள். உங்கள் நிரல் ஒருவரைச் சந்தேகிக்கும்போது நீங்கள் அங்கே இருக்கமாட்டீர்கள். விளக்கம் கேட்கவும் மாட்டீர்கள். முகம் பார்க்கவும் மாட்டீர்கள். எங்கோ ஒரு மண்டியில், மின்வெட்டு முடிந்த மாலைப் பொழுதில், கூலிக்குக் காத்திருப்போர் நடுவே, நீங்கள் என்றோ எழுதிய ஒரு வரி உங்களுக்காகப் பேசும். அது என்ன பேசவேண்டும் என்பதை எழுதும் இரவிலேயே எண்ணிக்கொள்ளுங்கள். பூட்டை உடைக்கும் வயதில் இருப்போர்க்கும் ஒரு சொல்: நீங்கள் பின்தள்ளும் கடிகாரத்தைப் பக்கத்தில் இருப்பவரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

சித்திரை மாதத்தில் புதிய பதிப்பை எடுத்துக்கொண்டு மீண்டும் அம்மண்டிக்குச் சென்றேன். பழைய பேட்டரியைக் கழற்றிப் புதியது ஒன்றைப் பொருத்தினேன். பழைய சிவப்பு வாக்கியம் இருந்த இடத்தில் இப்பொழுது என்ன எழுதியிருக்கிறது என்பதைக் காட்டுதற்காகத் தேதியை வேண்டுமென்றே பின்தள்ளினேன். கணக்கெழுதும் பெண் உரக்கப் படித்தாள்: “ஐயா, கணிப்பொறியின் தேதி பிழையாய் இருப்பதுபோல் தோன்றுகிறது. சரிபார்த்துத் தொடருங்கள்.” பெரியவர் கேட்டுத் தலையசைத்தார். பின்பு மேசையைத் திறந்து, அதே காகிதத்தில் அதே மடிப்பில் இருந்த பணத்தை எடுத்துக் கொடுத்தார். இம்முறை பெற்றுக்கொண்டேன்.